குழியில் தேங்கும் காற்று: வாயு இயக்கக் கொள்கையும் குடியாத்தம் வட்டாரத் தோல் பதனிடுதலும்

ஆய்வுச்சுருக்கம்

தோல் பதனிடும் கூடங்களின் கழிவுத் தொட்டியில் இறங்குவோர் நச்சுவாயு தாக்கி இறப்பது பாலாற்றுப் படுகையில் புதிதன்று. 'கனமான வாயு அடியில் தங்கும்' என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். அக்காரணம் போதாது என்பதையும், அரை நூற்றாண்டுக்கு முந்தைய தொழில்நுட்ப மாற்றமே அவ்வாயுவைத் தொட்டிக்குள் கொணர்ந்தது என்பதையும் வாயு இயக்கக் கொள்கையின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடியாத்தம், தோல் பதனிடுதல், ஹைட்ரஜன் சல்பைடு, வாயு இயக்கக் கொள்கை, விரவல்

வேகமும் தாமதமும்

வாயு என்பது ஓயாது பறந்து மோதும் துகள்களின் திரள் என்னும் கருத்தைக் கணித வடிவில் முதன்முதலில் நிறுவ முயன்றோருள் ஒருவர் இந்தியாவில் பணியாற்றியவர். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்க்கு ஆசிரியராக இருந்தார். 1845இல் இலண்டன் ராயல் கழகத்திற்கு அவர் அனுப்பிய கட்டுரையை மதிப்பீட்டாளர் பொருளற்றது எனத் தள்ளினார். கழகத்தின் ஆவணக் கிடங்கில் கிடந்த அதனை 1891இல் ராலே பிரபு கண்டெடுத்துப் பின்னர் அச்சேற்றினார். அதற்குள் வாட்டர்ஸ்டன் மறைந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன; கிளாசியசும் மாக்ஸ்வெல்லும் அதே முடிவுகளைத் தாமாகவே கண்டு புகழ் பெற்றிருந்தனர். ஒரே வெப்பநிலையில் உள்ள இரு வாயுக்களுள் எடை மிகுந்த மூலக்கூறு மெதுவாகவும் எடை குறைந்தது விரைவாகவும் செல்லும் என்பது அக்கட்டுரையின் மையக் கூற்று.

இக்கொள்கைக்கு எழுந்த எதிர்ப்புகளுள் மிகவும் பயனுள்ளது 1858இல் டச்சு அறிஞர் பாய்ஸ் பாலோட் எழுப்பிய வினா. மூலக்கூறுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் பறப்பது உண்மையெனில், அறையின் ஒரு மூலையில் திறந்த வாயுவின் மணம் மறுமூலையை எட்டச் சில நிமிடங்கள் ஆவது ஏன் என்று அவர் கேட்டார். மூலக்கூறு நேர்வழியே செல்வதில்லை என்று கிளாசியஸ் விடையிறுத்தார். மிகச் சிறு தொலைவுக்கு ஒரு முறை அது மற்றொன்றுடன் மோதித் திசை மாறுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஓடத் தெரிந்தவனும் நகர முடியாமல் தவிப்பதை ஒத்தது இது.

குடியாத்தத்தின் தொட்டிகளுக்கும் இவ்வினா பொருந்தும். 27 டிகிரி செல்சியசில் ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர். ஆயினும் அசைவற்ற காற்றில் மோதி மோதி விரவுதல் ஒன்றினாலேயே அது 2 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேற வேண்டுமாயின் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் காத்திருந்தால் வாயு 'போய்விடும்' என்னும் நம்பிக்கைக்கு இக்கணக்கில் இடமில்லை.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியத்திற்கு

பாலாற்றின் துணையாறான கௌண்டின்ய ஆற்றங்கரையில் அமைந்த குடியாத்தம் கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்றது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தொடரும் தோல் தொழில் வட்டாரத்திலும் அதற்கு இடமுண்டு. இவ்வட்டாரத்தின் பழைய முறையில் தோலைச் சுண்ணாம்புக் குழியில் பல நாள் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். அவ்வேலை நாற்றமும் புண்ணும் தருவது; அதனைப் பொற்காலமாகக் காட்டுவதற்கில்லை. எனினும் சுண்ணாம்பின் காரத்தன்மையால் குழியில் உண்டாகும் சல்பைடு நீரிலேயே கரைந்து நின்றது, வாயுவாக எழவில்லை.

இந்நிலை 1970களில் மாறியது. சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தி முழுமை பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிகுந்தது, வேலைவாய்ப்பும் பெருகியது. உடன் வந்தது குரோமியப் பதனிடுதல். மயிரை விரைந்து நீக்கச் சோடியம் சல்பைடு, சுண்ணாம்பை அகற்ற அம்மோனியம் சல்பேட்டு, அடுத்துக் கந்தக அமிலமும் உப்பும், இறுதியில் குரோமியம் சல்பேட்டு எனக் கந்தகம் ஏறத்தாழ ஒவ்வொரு படியிலும் புகுந்தது.

காரத்தன்மையுள்ள சல்பைடு நீரும் அமில நீரும் ஒரே வாய்க்காலில் கலக்குமாயின் நிகழ்வதை வேதியியல் மாணவர் அனைவரும் அறிவர். அமிலகாரக் குறியெண் 7ஐ எட்டும்போது கரைந்த சல்பைடில் ஏறத்தாழப் பாதி வாயு வடிவம் பெறுகிறது. 5க்கு இறங்கினால் ஏறக்குறைய முழுவதும். இது போதாதென்று, காற்றுப்புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டையும் சல்பைடாக மாற்றுகின்றன.

கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சூழலியல் சட்டத்தின் மைல்கல். சுத்திகரிப்பு நிலையமின்றித் தோல் கூடம் இயங்கக் கூடாது என்றாயிற்று. ஆற்றுக்கு அது நன்மையே. ஆனால் பரந்து ஓடிய கழிவு இனித் தொட்டிகளில் திரண்டது. தொட்டி என்று ஒன்று இருந்தால் அதனைத் துப்புரவு செய்ய ஒருவர் இறங்கவேண்டியிருந்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். அங்கே கொன்றது வாயுவன்று, சேற்றின் பெருக்கு. இரண்டிற்கும் மூலம் தேக்கி வைத்தலே.

'கனம்' என்னும் விளக்கம்

ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. எனவே தூய வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானதே. ஆனால் பத்து இலட்சத்தில் 1000 பங்கு இருந்தாலே சில மூச்சில் மனிதர் வீழ்வர். அந்த அளவில் கலவையின் அடர்த்தி காற்றினும் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட மிகாது. டிகிரியில் பத்திலொரு பங்கு வெப்பநிலை வேறுபாடே அதனை விஞ்சிவிடும். முற்றிலும் விரவிய நிலையிலோ, 2 மீட்டர் குழியின் அடிக்கும் மேலுக்கும் இடையே செறிவின் வேறுபாடு பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவே. கனம் பற்றிய விளக்கம் பிழையன்று. காரணத்தின் மிகச் சிறிய கூறு அது.

பெரிய கூறுகள் வேறு. அடியிலுள்ள சேறே வாயுவின் ஊற்று. 20 டிகிரியில் ஒரு பங்கு நீர் இரண்டரைப் பங்கு ஹைட்ரஜன் சல்பைடைக் கரைத்து வைக்கவல்லது. காலோ மண்வெட்டியோ கலக்கும்போது அது திடீரென வெளிப்படுகிறது. மேலும், வேலூர்க் கோடையின் நண்பகலில் குழிக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றினும் குளிர்ந்தது, ஆதலால் அடர்ந்தது. அது மேலெழ வழியில்லை. வேலை நடைபெறும் பகற்பொழுதே காற்று மிகவும் தேங்கும் பொழுதாக அமைகிறது.

கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் அறிவார்ந்தது. கரியமில வாயு மிகுந்து உயிர்வளி குன்றினால் சுடர் அணையும். இங்கோ அது ஏமாற்றும்: ஆளைக் கொல்லும் செறிவில் ஹைட்ரஜன் சல்பைடு சுடரை அணைக்காது. மூக்கும் உதவாது. பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவில் முகரும் உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றது கண்டு வாயு அகன்றதெனக் கருதி இறங்குவோரும், வீழ்ந்தவரைத் தூக்க அடுத்தடுத்து இறங்குவோரும் ஒரே தொட்டியில் மாள்வது இதனால்தான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தகுதி பெற்றவர் தாமே சோதித்து எழுத்தில் சான்றளித்தாலன்றி, அல்லது மூச்சுக் கருவியும் கயிற்றோடு பிணைத்த இடுப்புப் பட்டையும் அணிந்தாலன்றி, வாயு இருக்கக்கூடிய குழிக்குள் எவரையும் இறங்கவிடலாகாது என்றது. ஆயின் சான்றுக்கான சோதனை ஆள் இறங்குமுன் நடப்பது. வாயுவின் பெரும்பகுதி அவர் இறங்கிச் சேற்றைக் கலக்கிய பின்னரே எழுவது. கலங்காத சேற்றின்மேல் எடுத்த அளவு, கலங்கிய சேற்றுக்குச் செல்லாது.