அழிப்பதற்கு முன் படிக்க வேண்டும்: சி மொழியில் கமென்ட் நீக்கிய கதை

சி மொழி நிரலிலிருந்து கமென்ட்களை நீக்குவது எளிய வேலையாகத் தோன்றும்: /* என்ற குறியிலிருந்து */ வரை அழித்துவிட்டால் முடிந்தது. அந்த மொழியின் வரலாறோ வேறு கதை சொல்கிறது. எது கமென்ட் என்பதைக் குறி மட்டும் முடிவு செய்வதில்லை. அது வரும் இடமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பிஎல்/1 மொழியில் வழங்கிய இந்தக் குறியை, பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழியும் ஏற்றது. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே கமென்ட் நீக்கும் நிரலை எழுதச் சொல்லும் பயிற்சி உண்டு. ஸ்ட்ரிங்குகளையும் ஒற்றை மேற்கோளுக்குள் வரும் எழுத்து மாறிலிகளையும் சரியாகக் கையாளும்படி அது நினைவூட்டுகிறது.

காரணம் தெளிவு. "/* இது செய்தி */" என்று இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால், அது திரையில் அச்சாக வேண்டிய உரை. அதைத் தொட்டால் நிரலே கெடும். உள்ளே \" வந்தால் ஸ்ட்ரிங் இன்னும் முடியவில்லை; '"' என்று வந்தாலோ ஸ்ட்ரிங் தொடங்கவே இல்லை. ஆகவே நிரலைப் படிக்கும் பகுதியான பார்சர் ஒவ்வோர் எழுத்தையும் படிக்கும்போது, தான் நிற்பது நிரலிலா, ஸ்ட்ரிங்கிலா, கமென்டிலா என்பதை நினைவில் வைத்தாக வேண்டும்.

நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்பதும் நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தது. நிரலை முன்கூட்டிப் பதப்படுத்தும் பழைய யூனிக்ஸ் ப்ரீபிராசஸர்களில் சில, கமென்டைச் சுவடின்றி அழித்தன. இரு பெயர்களுக்கு நடுவே வெற்றுக் கமென்ட் ஒன்றை வைத்து, அவற்றை ஒட்டவைக்கும் உத்தியாகவே நிரலர்கள் அதைப் பயன்படுத்தினர். 1989இல் வந்த அமெரிக்கத் தரநிலை, கமென்ட் ஒற்றை இடைவெளியாக மாற வேண்டும் என விதித்தது. ஒட்டுவதற்கு ## என்ற தனிக்குறியையும் தந்தது.

ஒரு நல்ல ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதாதா என்று கேட்கலாம். ஸ்ட்ரிங்கையும் எழுத்து மாறிலியையும் அது சேர்த்தே அடையாளம் காணுமானால் பெரும்பாலும் போதும். அப்படியானால் அதுவும் படித்துத்தான் அழிக்கிறது. அதற்கும் பிறகு, எந்தத் தரநிலையின்படி படிக்கிறோம் என்ற கேள்வி நிற்கும். 1999இன் தரநிலை // கமென்டைச் சேர்த்ததும், 8 //* குறிப்பு */ 2 என்ற வரியின் பொருளே மாறிவிட்டது. 1989இன் விதிப்படி அது வகுத்தல். 1999இன் விதிப்படி எட்டுக்குப் பின் வரி முடியும்வரை கமென்ட். ஆகவே கமென்ட் நீக்கும் கருவியை எழுதுபவர்களே, முதலில் மொழியின் விதிகளை வரிசையாகப் படிக்கும் பகுதியை எழுதுங்கள். அழிப்பது அதற்குப் பிறகுதான்.