மீனுக்குப் பெயர் இரண்டு

காக்கநாட்டிலும் மட்டாஞ்சேரியிலும் குடியேறிய தமிழன்பர்களுக்கு, மீன் அங்காடியில் தாய்மொழிப் பெயர் சிலவேளை செல்லாக் காசாகிவிடுகிறது. சென்னையின் வஞ்சிரம் இங்கே நெய்மீன், நமது இறால் இங்கே செம்மீன், நெத்திலியோ நத்தோலி. ஆயினும் மத்தியும் அயிலையும் இரு மொழிக்கும் பொதுச் சொத்தாம். அயிலை சங்கப் பாடலிலேயே இடம்பெற்ற சொல்.

கொச்சியில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, மலபார் மீன்களைப் பற்றி 1865இல் வெளியிட்ட நூலில் உள்ளூர்ப் பெயர்களையும் பதிந்து வைத்தார். 1947இல் தோன்றி, மண்டபத்தில் இயங்கிவந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்கு மாறிற்று.

அறிவியற் பெயர் ஆய்வாளரை ஒன்றுசேர்க்கும். ஊர்ப்பெயரோ, நிறத்தைச் செம்மீனிலும் நெய்ப்பை நெய்மீனிலும் கண்டறிந்த மக்களின் அனுபவம். ஆதலின், இங்கு வளரும் நம் சிறார்க்கு இரு பெயரையும் கற்பிப்போமாக. ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை.