மறதிநோய் இல்லப் பராமரிப்பு ஒழுங்குமுறை (தமிழ்நாடு)

மறதிநோய் இல்லப் பராமரிப்பு ஒழுங்குமுறை என்பது மறதிநோய் (டிமென்சியா) உள்ள முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பின்பற்ற வேண்டிய சட்டங்கள், பதிவு முறைகள், பராமரிப்பு நெறிகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் ஒன்று இல்லை. முதியோர் நலச் சட்டம், மனநலச் சட்டம், மருத்துவ நிலையச் சட்டம் என வெவ்வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட சட்டங்களின் பிரிவுகளே இவ்வில்லங்களுக்கும் பொருந்துகின்றன. ஓர் இல்லம் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறது என்பதைவிட, அங்கு யார் தங்குகிறார்கள், என்ன சேவை அளிக்கப்படுகிறது என்பதே எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பின்னணி

மறதிநோய் என்பது தனியொரு நோய் அன்று. நினைவு, மொழி, திசையறிவு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைந்து அன்றாட வாழ்வைப் பாதிக்கும் நிலைகளின் பொதுப்பெயர் ஆகும். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ஆல்சைமர் நோய். இதனைச் செருமானிய மருத்துவர் அலோயிசு ஆல்சைமர் 1906 ஆம் ஆண்டு முதன்முதலில் விவரித்தார். வயதானால் மறதி வருவது இயல்பே என்ற எண்ணத்தால் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் அழைத்து வரப்படுகின்றனர்.

2023 இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே மனைவி, மகள், மருமகள் ஆகியோரால் பராமரிக்கப்படுகின்றனர். பிள்ளைகள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் குடும்பங்களில் இல்லப் பராமரிப்பின் தேவை எழுகிறது.

இந்திய ஆல்சைமர் சங்கம் (ஏ.ஆர்.டி.எஸ்.ஐ) 1992 இல் கேரளத்தில் தொடங்கப்பட்டது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும் மறதிநோய்ப் பராமரிப்புச் சேவைகளை அளித்து வருகிறது.

ஏர்வாடி தீ விபத்து

தமிழ்நாட்டில் பராமரிப்பு இல்லங்களின் ஒழுங்குமுறை பற்றிய எந்தப் பேச்சும் ஏர்வாடியைத் தவிர்க்க இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம், மனநோய் உள்ள எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது எனத் தன் 95 ஆம் பிரிவில் வெளிப்படையாகத் தடை செய்தது.

பொருந்தும் சட்டங்கள்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007

இச்சட்டத்தின் கீழ் தமிழ்நாடு அரசு 2009 இல் விதிகளை வகுத்தது. இதன் முக்கியக் கூறுகள்:

* பிரிவு 19: மாவட்டத்திற்கு ஒன்றேனும், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் அளவில் முதியோர் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம், அவற்றின் தரநிலைகளையும் வகுக்கலாம்.
* பிரிவு 23: தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் முதியவர் எழுதிக்கொடுத்த சொத்து, அந்நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என அறிவிக்கப்படலாம்.
* பிரிவு 24: தம் பொறுப்பில் உள்ள முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வது 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும்.

இச்சட்டத்தில் 'மறதிநோய் இல்லம்' என்ற தனி வகை இல்லை. பராமரிப்பு இல்லங்களுக்குக் கட்டாயப் பதிவையும் குறைந்தபட்சத் தரநிலைகளையும் கொண்டுவர 2019 இல் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகப்படுத்தப்பட்டது. அது நிறைவேறாமல் 2024 இல் மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017

இச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் வரையறைப்படி சிந்தனை, மனநிலை, புலனுணர்வு ஆகியவற்றோடு திசையறிவிலும் நினைவிலும் ஏற்பட்டு, அன்றாடத் தேவைகளை நிறைவேற்றும் ஆற்றலைக் கடுமையாகக் குறைக்கும் பெருங்கோளாறும் மனநோய் ஆகும். எனவே முற்றிய மறதிநோய் இவ்வரையறைக்குள் வரக்கூடியது. மனநோய் உள்ளோர் தங்கிப் பராமரிப்பு, சிகிச்சை அல்லது மறுவாழ்வு பெறும் இடம் 'மனநல நிறுவனம்' எனக் கொள்ளப்படும். உறவினருடனோ நண்பருடனோ வாழும் வீடு இதில் சேராது.

மனநல நிறுவனம் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவின்றி நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையும், இரண்டாம் முறை 2 இலட்சம் ரூபாய் வரையும், அதன் பின்னர் 5 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.

பிற சட்டங்கள்

மருத்துவச் சிகிச்சை அளிக்கும் இல்லங்களுக்கு 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 2018 ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். ஊசி, கட்டுத்துணி போன்ற கழிவுகளுக்கு 2016 ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் உள்ளன. கட்டிட அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவை தனித்தனியே பெறப்பட வேண்டியவை.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் மூத்த குடிமக்களுக்கான ஒருங்கிணைந்த திட்டத்தில், குறைந்தது 20 முதியோரைக் கொண்ட மறதிநோய் இல்லங்களுக்கு நிதியுதவி பெற வழி உள்ளது. அமைச்சகத்தின் நிபந்தனைகள் உதவி பெறும் இல்லங்களையே கட்டுப்படுத்தும்.

கட்டுப்படுத்தலும் மருந்தும்

மறதிநோய் உள்ளோர் சிலர் மாலையில் அமைதியிழப்பர். சிலர் பழைய வீட்டைத் தேடி வாசலைக் கடந்து நடப்பர். இவர்களைக் கட்டிலோடு கட்டுவதும், அறையில் பூட்டுவதும், மருந்தால் மயக்கி வைப்பதும் ஆள் பற்றாக்குறை உள்ள இல்லங்களில் எளிய வழிகளாகிவிடுகின்றன. 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 97 ஆம் பிரிவு இதற்குப் பின்வரும் வரம்புகளை விதிக்கிறது:

# தனிமைச் சிறையாக அடைத்தல் கூடாது.
# உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் அனுமதியுடன் உடலைக் கட்டுப்படுத்தலாம்.
# தேவைக்கு மேல் ஒரு கணமும் அது நீடிக்கக் கூடாது.
# முறை, காரணம், கால அளவு ஆகியவை மருத்துவக் குறிப்பில் உடனே பதியப்பட வேண்டும்.
# 24 மணி நேரத்திற்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும்.
# தண்டனையாகவோ, பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ பயன்படுத்தக் கூடாது.

உளப்பிணி எதிர்ப்பு மருந்துகள் மறதிநோய் உள்ள முதியோரின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005 இல் எச்சரித்தது. 2008 இல் அவ்வெச்சரிக்கை பழைய வகை மருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே இம்மருந்துகள் எப்போது, ஏன் தொடங்கப்பட்டன, எப்போது நிறுத்தப்படும் என்பது இல்லத்தின் பதிவேட்டில் இருத்தல் நன்று.

ஒப்புதலும் சொத்தும்

ஒருவருக்கு மறதிநோய் இருப்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ள முடியாது. தகவலைப் புரிந்துகொள்வது, விளைவை உணர்வது, முடிவைத் தெரிவிப்பது ஆகியவை பற்றியே திறன் மதிப்பிடப்படுகிறது. காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பலாம் என்பதால் இம்மதிப்பீடு மீண்டும் மீண்டும் செய்யப்பட வேண்டியது. நோயின் தொடக்கத்திலேயே முன்கூட்டிய அறிவுறுத்தல் ஒன்றை எழுதி, நியமனப் பிரதிநிதி ஒருவரைக் குறிப்பிட்டு வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. திறன் முற்றிலும் குறைந்த பின் இவ்வாய்ப்பு இல்லை.

நியமனப் பிரதிநிதியின் பொறுப்பு பராமரிப்பு, சிகிச்சை ஆகியவற்றைப் பற்றியதே. வங்கிக் கணக்கையோ வீட்டையோ கையாள அது அதிகாரம் தராது. 1987 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இருந்த, சொத்துக்குக் காப்பாளரை நியமிக்கும் பிரிவுகள் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201 ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். இதனால் இல்லக் கட்டணம் செலுத்தப் பெற்றோரின் வைப்புத்தொகையை எடுக்கக்கூடக் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலை ஏற்படுகிறது.

சிறு நகரங்களில் நடைமுறை

சிறப்பு இல்லங்கள் பெரும்பாலும் பெருநகரங்களை ஒட்டியே அமைந்துள்ளன. எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி போன்ற நகராட்சிகளில், குடும்பங்கள் பொதுவான முதியோர் இல்லங்களையோ வீட்டுப் பணியாளரையோ சார்ந்திருக்க நேரிடுகிறது. புளியங்குடி முன்னர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 இல் உருவாக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இப்போது உள்ளது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான முறையீடுகளைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் செய்யப்படும். முதியோர் உதவி எண் 14567 ஆகும். மனநல ஆலோசனைக்கான டெலி-மானசு எண் 14416 ஆகும்.

பொதுவான முதியோர் இல்லம் ஒன்றில் நல்ல நினைவுடன் சேர்ந்தவருக்குச் சில ஆண்டுகளில் மறதிநோய் வரலாம். அப்போது இல்லத்தின் பெயர்ப்பலகை மாறுவதில்லை. சட்டக் கடமை மாறக்கூடும். பதிவு பெறும்படி கேட்டால் இல்லங்கள் அத்தகையோரை வெளியேற்றிவிடும் என்ற அச்சமும், பதிவின்றி விட்டால் யாரும் ஆய்வு செய்யாத இடமாகிவிடும் என்ற அச்சமும் ஒருங்கே நிலவுகின்றன.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டின் செவிலியர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், தண்டனைக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ உடலாலும் மருந்தாலும் கட்டுப்படுத்துவதைத் தடுத்தது. எனினும் உதவியுடன் வாழும் இல்லங்களை அங்கு மாநிலங்களே ஒழுங்குபடுத்துகின்றன. ஆகவே விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சப்பானில் 2000 இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 2004 இல் அந்நாட்டு அரசு, இழிவுப் பொருள் தந்த பழைய நோய்ப்பெயரை நீக்கிப் புதிய சொல்லை ஏற்றுக்கொண்டது.

இவற்றையும் பார்க்கவும்

* ஆல்சைமர் நோய்
* முதியோர் இல்லம்
* ஏர்வாடி தீ விபத்து
* மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017