1620-ஆம் ஆண்டும் திருச்சபை வரலாறும்

திருச்சபை வரலாற்று நூல்களில் 1620 என்னும் ஆண்டு பெரும்பாலும் ஒரே ஒரு கப்பலின் பெயரோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. மேபிளவர் என்னும் அக்கப்பல் 102 பயணிகளோடு அட்லாண்டிக் கடலைக் கடந்த செய்தி நம் வாசகர் யாவரும் அறிந்ததே. ஆயினும் அவ்வாண்டை அக்கப்பலுக்கு மட்டுமே உரியதாக்குவது முறையன்று என்பது நம் கருத்து. அதே நவம்பர்த் திங்களில் பொகீமியாவில் ஒரு சபை தன் நாட்டையே இழந்தது. சோழமண்டலக் கரையில் ஒரு சிற்றூர் டென்மார்க்கு அரசனின் ஆளுகைக்குள் வந்தது. இவ்விரண்டும் நமக்கு நெருக்கமானவை. நாள்களைப் பற்றி ஒரு சொல்: ரோம சபை நாடுகள் கிரெகோரி பாப்பரசர் திருத்திய நாட்காட்டியையும், இங்கிலாந்தும் டென்மார்க்கும் பழைய ஜூலியன் நாட்காட்டியையும் பின்பற்றிய காலம் அது, இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு உண்டு. நாம் இங்கே புதிய கணக்கையே கொள்கிறோம்.

முதலில் பொகீமியாவைக் காண்போம். யான் ஊஸ் 1415-இல் எரிக்கப்பட்ட காலந்தொட்டு ரோம சபைக்கு அடங்காத மரபு அந்நாட்டில் நிலைத்திருந்தது. ஆப்ஸ்பர்க் மரபினரான பெர்டினாந்து அரசரின் ஆட்சியை வெறுத்த பிரபுக்கள் 1619-இல் அவரை நீக்கிவிட்டு, ரைன் பாலட்டினேட்டு நாட்டுச் சிற்றரசரான பிரெடெரிக்கை அரியணை ஏற்றினர். பிரெடெரிக்கு கால்வினியர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் அவருடைய அரண்மனைப் போதகர் ஸ்கல்டேட்டஸ், பிராகு நகரின் தூய வீத்து பேராலயத்திலிருந்த சிலைகளையும் படங்களையும் அகற்றச் செய்தார். ரோம சபையார் சினந்ததில் வியப்பில்லை. லுத்தரன் சபையாரும் ஊஸின் வழிவந்தோரும் மனம் நொந்தனர் என்பதே கவனிக்கற்பாலது. புதிய அரசருக்குத் துணை நிற்க வேண்டியவர்களே முதல் குளிர்காலத்திலேயே விலகி நிற்கலாயினர்.

வெளியிலிருந்தும் உதவி வரவில்லை. ஜெர்மானியச் சீர்திருத்தச் சிற்றரசர்களின் கூட்டணி 1620 ஜூலையில் ஊல்ம் நகரில் நடுநிலை ஒப்பந்தம் செய்து ஒதுங்கிக்கொண்டது. மாமனாரான இங்கிலாந்து அரசர் ஜேம்ஸ் பயன்படத்தக்க உதவி எதுவும் அளிக்கவில்லை. லுத்தரின் சொந்த நாடாகிய சாக்சனியின் அரசர் யோகான் கியோர்கு என்ன செய்தார்? பேரரசரின் பக்கம் சேர்ந்து லுசேஷியாவைக் கைப்பற்றினார். கால்வினியர் வெல்வதைவிடப் பேரரசர் வெல்வது மேல் என்று எண்ணிய லுத்தரன் இறையியலாளரும் அவர் அவையில் இருந்தனர். இதனை அரசியல் சூழ்ச்சி என்று மட்டும் கூறித் தள்ளிவிட இயலாது. நற்கருணையைப் பற்றிய கோட்பாட்டு வேறுபாடு போர்க்களத்தில் படைப்பிரிவுகளின் எண்ணிக்கையாக மாறிய நிகழ்ச்சி இது.

நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பிராகு நகருக்கு வெளியே வெண்மலை என்னும் குன்றில் போர் மூண்டது. ரோம சபை முறைப்படி அந்நாளுக்குரிய நற்செய்திப் பகுதி, இராயனுக்குரியதை இராயனுக்குச் செலுத்தும்படி ஆண்டவர் கூறிய மத்தேயு 22-ஆம் அதிகாரப் பகுதியே. இரண்டு மணி நேரத்துக்குள் பொகீமியப் படை சிதறியது. ஒரே குளிர்காலம் ஆண்டதால் 'குளிர்கால அரசர்' என்று இகழப்பட்ட பிரெடெரிக்கு நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்கள் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழகத் தலைவர் எசேனியுசும் அவர்களுள் ஒருவர். சீர்திருத்த சபைக் குருமார் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். 1627-இல் ரோம மார்க்கம் ஒன்றே அந்நாட்டின் மார்க்கம் என்று சட்டமாயிற்று.

பூல்நெக்கு என்னும் ஊரில் போதகராயிருந்த கொமேனியுஸ், ஐக்கிய சகோதரர் சபையைச் சேர்ந்தவர். மறைந்து திரிந்த நாள்களில் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்து, 1628-இல் தாயகத்தை நீங்கினார், மீண்டும் திரும்பவேயில்லை.

மேபிளவர் பயணிகள் கேப் காடு அருகே நங்கூரமிட்டு, 41 ஆடவர் கையொப்பமிட்ட உடன்படிக்கையைச் செய்துகொண்டது நவம்பர் 21. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டனர். அவர்கள் குடியேறிய இடத்தில் முன்பு வாழ்ந்த பூர்வ குடிகள், ஐரோப்பியர் கொண்டுவந்த நோயால் சில ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துபோயிருந்தனர். வெறுமையான அந்நிலத்தைக் கடவுளின் ஏற்பாடு என்று எழுதியவர்களோடு நாம் உடன்பட இயலாது. இங்கிலாந்தில் பேக்கன் தம் நோவும் ஆர்கனும் நூலை வெளியிட்டதும், வால்டெல்லினா பள்ளத்தாக்கில் சீர்திருத்த சபையார் பல நூற்றுவர் கொலையுண்டதும் இவ்வாண்டிலேயே. விரித்துரைக்க இங்கு இடமில்லை.

இனித் தரங்கம்பாடி. டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்தியான் அனுப்பிய கப்பல்கள் உண்மையில் நாடி வந்தது இலங்கையை. கண்டி அரசரின் தூதர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட போஷோவர் என்னும் ஒல்லாந்தரின் சொல்லை நம்பியே 1618-இல் அவை புறப்பட்டன. அவர் வழியிலேயே இறந்தார். அவர் செய்த ஒப்பந்தத்தைக் கண்டி அரசர் செனரத் ஏற்க மறுத்தார். புறப்படும்போது இருபத்தைந்து வயதும் நிரம்பாதிருந்த தளபதி ஓவே கெட்டே, பின்னர்த் தஞ்சையை நோக்கினார். அங்கே, போர்த்துகீசியரால் கப்பலை இழந்து கரையேறிய கிராப்பே என்பவர் ஏற்கெனவே இரகுநாத நாயக்கரின் ஆதரவைப் பெற்றிருந்தார். நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. டேன்ஸ்போர்க் கோட்டை எழலாயிற்று. நாயக்கர் டென்மார்க்கு அரசருக்கு அனுப்பிய பொற்சுவடிக் கடிதம் கோப்பன்கேகனில் பாதுகாக்கப்படுகிறது. வந்தவர்களின் நோக்கம் மிளகு, நற்செய்தி அன்று. இதனை மறைத்துத் தரங்கம்பாடியின் தொடக்கத்துக்குப் பக்தி வண்ணம் பூசுவது வரலாறாகாது.

வெண்மலைக்கும் தரங்கம்பாடிக்கும் தொடர்பு உண்டோ எனில், உண்டு. அங்கே பற்றிய தீ முப்பதாண்டுப் போராய் வளர்ந்தது. கிறிஸ்தியான் அரசரும் 1625-இல் அதில் நுழைந்து, 1626-இல் லுட்டர் களத்தில் தோற்றார், கருவூலம் வற்றியது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடிக்கு வரவில்லை. சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் கரையேறியது 1706 ஜூலையில், அதாவது ஒப்பந்தம் நடந்து 86 ஆண்டுகளுக்குப் பின்னரே.

சிதறுண்ட சகோதரர் சபையோ முற்றும் அழியவில்லை. மொராவியாவிலிருந்து தப்பிய சில குடும்பத்தார் 1722-இல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்தனர். பழைய சபையின் அத்தியட்சப் பட்டம் கொமேனியுசின் பேரராகிய யப்லோன்ஸ்கியின் கைகள் வழியாகவே 1735-இல் இவர்களுக்கு வந்தது. சின்சென்டார்ஃபோ ஆலே நகரில் பிராங்கேயின் பள்ளியில் பயின்றவர். தரங்கம்பாடிச் செய்திகளை மாணவப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தவர். 1760-இல் மொராவிய சகோதரர் நிக்கோபார்த் தீவுகளை நாடித் தரங்கம்பாடிக்கே வந்து, ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் குடியமர்ந்தனர். அங்கிருந்த ஆலே மிஷனெரிமார் அவர்களை மனமுவந்து வரவேற்கவில்லை. நிக்கோபாரில் அவர்களுள் பலர் காய்ச்சலால் மாண்டனர். எஞ்சியோர் தோட்டத்தில் கைத்தொழிலும் பயிர்த்தொழிலும் செய்து சில பத்தாண்டுகள் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறினர்.