கெலிண்டானின் கட்டை

தோட்டத்து லோரி டிரைவர்களைப் பற்றிக் கதை சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. கெலிண்டானைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. சாமான் ஏற்றி இறக்கி, கயிறு இறுக்கி, வண்டி பின்னால் வரும்போது பலகையைத் தட்டி "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்தும் பையன்தான் கெலிண்டான். அவன் காலடியில் எப்போதும் ஒரு மரக்கட்டை கிடக்கும். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய மெர்பாவ் துண்டு. மேட்டில் லோரி திணறி நின்றால், டிரைவர் வாய் திறக்குமுன் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகிவிட வேண்டும். 1960களில் கெடாத் தோட்ட லோரிக்கு இருந்த பாதுகாப்புச் சாதனங்களில் நம்பத் தகுந்தது இதுதான்.

என் அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பெட்ஃபோர்ட் லோரி ஓட்டினார். ரப்பர் ஷீட்டைப் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோவார், வரும்போது அரிசியும் உரமும் ஏற்றி வருவார். பள்ளி விடுமுறையில் நான்தான் கெலிண்டான். தைப்பூசத்துக்கு அதே லோரியில் பலகை போட்டு, லயத்துச் சனமெல்லாம் ஏறிச் சுங்கைப்பட்டாணிக்குப் போவோம்.

அந்த பெட்ஃபோர்டின் பிரேக், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. மிதிக்கிற காலுக்குத் துணையாக எஞ்சின் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சுவிசை இருக்கும். எஞ்சின் அணைந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் துணையும் போய்விடும். அப்புறம் இரண்டு காலையும் வைத்து மிதித்தாலும் பெடல் லேசில் இறங்காது. இது தெரிந்தும், எண்ணெய் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, ஃப்ரீ கியரில் விட்டவர்கள் இருந்தார்கள். அப்பாவுக்கு அது ஆகாது. "ஏறின கியரிலேயே எறங்குடா" என்பார். பிரேக்கை மட்டும் நம்பி நீண்ட இறக்கத்தில் இறங்கினால் டிரம் சூடேறிவிடும். முதலில் கருகல் நாற்றம் வரும், பிறகு லைனிங் பிடிக்காது. பாலிங்கிலிருந்து கிரிக் பக்கம் மலைப்பாதையில் பாரம் ஏற்றிப் போய்வந்தவர்கள் அந்த நாற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆயுத பூசையன்று லோரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். கட்டைக்கும் ஒரு பொட்டு உண்டு. சிலர் இதை மூடநம்பிக்கை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருசத்தில் அந்த ஒரு நாளாவது யாரோ ஒருவர் குனிந்து லோரியின் அடிப்பாகத்தைப் பார்த்தார்களே!

ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு லோரிக்கு அவசரம் வந்தது. ரப்பர் ஷீட் ஒரு வாரம் ஸ்டோரில் கிடந்தாலும் கெட்டுப்போகாது. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறி, தரம் இறங்கும். தோட்டத்து லோரி போய்க் குத்தகை லோரி வந்தது. மாதச் சம்பளம் போய் டிரிப் காசு வந்தது. கூண்டுக்கு மேல் குலையை அடுக்கி, ஒரு நாளில் எத்தனை நடை அடிக்க முடியுமோ அத்தனையும் அடிப்பது வழக்கமானது. கெலிண்டானுக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவென்று அவனையும் இறக்கிவிட்டார்கள். கட்டையும் அவனோடு போனது.

கட்டைக்குப் பதிலாக வந்தது காற்று. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தார். 1872இல் அதையே தலைகீழாக மாற்றினார்: குழாயில் காற்று போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கனரக லோரியின் ஸ்பிரிங் பிரேக்கிலும் இதே தத்துவம்தான். உள்ளே பலமான ஸ்பிரிங் ஒன்றைக் காற்று அழுத்தி வைத்திருக்கும். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டும். குதிக்கவும் வேண்டாம், செருகவும் வேண்டாம்.

நான் சுங்கைப்பட்டாணியில் பட்டறை வேலைக்குப் போன பிறகு இந்தப் பிரேக்கை நிறையக் கழற்றி மாட்டியிருக்கிறேன். நல்ல சாதனம். ஆனால் நின்றுபோன வண்டியை இழுத்துப் போவதற்காக, ஸ்பிரிங்கைப் போல்ட் போட்டு இறுக்கி விடுவிக்கும் வசதி அதில் உண்டு. காற்றுக் கசிவைச் சரிபார்க்கச் செலவு செய்யாமல், அந்தப் போல்டை இறுக்கியபடியே பாரம் ஏற்றி ஓடிய லோரிகள் பட்டறைக்கு வரும். "ரெண்டு டிரிப் அடிச்சிட்டு வந்து செய்யறேன் அண்ணே" என்பார்கள்.

மலேசிய லோரிகளுக்கு 1994 இரண்டு விதத்தில் முக்கியமான ஆண்டு. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. வாகனப் பரிசோதனை புஸ்பாகோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயர் இரவல் வாங்கி மாட்டிய முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் பேராவின் ஜெலாப்பாங் டோல், நீண்ட மலை இறக்கத்தின் அடியில் இருந்தது. பிரேக் பிடிக்காத லோரிகள் அங்கே வந்து மோதிக்கொண்டே இருந்ததால் கடைசியில் டோலையே அகற்றினார்கள்.

அதே 1994இல் ஐரோப்பாவில் 12 டன்னுக்கு மேற்பட்ட லோரிகளுக்கு 90 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமானது. எவ்வளவு மிதித்தாலும் அதற்குமேல் எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. நம் நாட்டில் 2015 ஜனவரிக்குப் பின் தயாரான கனரக வண்டிகளுக்கு அது விதியானது. விதி இருந்தது, கருவியும் இருந்தது, பல வண்டிகளில் அதை முடக்கிவைத்திருந்தார்கள். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கற்கள் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தனர். ஜூன் 9ஆம் தேதி கிரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் போனார்கள். அதன் பிறகுதான், அக்டோபர் 1 முதல் கருவி வேலை செய்கிறதா என்று கட்டம் கட்டமாகச் சரிபார்ப்போம் என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார்.

வரவேற்கிறேன். ஆனால் 90இல் ஓடினாலும், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் நிற்காது. அந்தக் கருவி பாரத்தை எடை போடாது, டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும் கேட்காது. இரண்டுக்கும் காரணம் டிரிப் காசு. தோட்ட நிர்வாகங்களும் குத்தகைக்காரர்களும் லோரி டிரைவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் இதை முதல் கோரிக்கையாக வைக்கட்டும்.