சுறாவின் வாய்

கர்டிஸ் பி-40 போர்விமானத்தின் மூக்குக்கு அடியில், எஞ்சினின் சூடு தணியக் காற்று புகும் அகன்ற துவாரம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிப் பல்வரிசையும், சற்று மேலே ஒரு கண்ணும் எழுதிவிட்டால் விமானம் சுறாவாகிவிடுகிறது. படிமம் அந்தத் தகரத்தில் ஏற்கனவே காத்திருந்தது. உருவமா உள்ளடக்கமா என்று அடித்துக்கொள்ளும் நம்மவர்கள் இந்த மூக்கை ஒருமுறை பார்க்கலாம்.

இந்தப் பல்லை, சீனாவுக்காகப் போரிடப் போன அமெரிக்கத் தன்னார்வ விமானிகளின் சொந்தக் கற்பனை என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1941-இல் பர்மாவின் டவுங்கூவில் பயிற்சியில் இருந்தபோது, பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டது அது. முதலில் எழுதியவர் என்று சார்லஸ் பாண்ட், எரிக் ஷில்லிங் என இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. புகைப்படத்தில் இருந்தவை வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டிஷ் 112-ஆம் ஸ்குவாட்ரனின் விமானங்கள். அவர்களோ ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானங்களில் கண்டதை எடுத்துக்கொண்டவர்கள். அதாவது, எதிரியின் முகத்தைக் கழற்றித் தாங்கள் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு வாய்த்த பெயர் 'பறக்கும் புலிகள்'. வாய் சுறாவினது, பெயர் புலியினது. இந்த முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 1941 டிசம்பர் 20-இல் குன்மிங் அருகே முதல் சண்டை. 1942 ஜூலை 4-இல் குழு கலைக்கப்பட்டது. ஏழு மாதம்கூட முழுதாக இல்லை.

பல் பிழைத்துக்கொண்டது. 1938-இலேயே விமானக் கடிகாரங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஸ்விட்சர்லாந்தின் பிரைட்லிங் நிறுவனம், 2019-இல் இந்த விமானத்தின் பெயரால் கைக்கடிகாரம் செய்தது. முகம் ராணுவப் பச்சை. சுறாவாய் விமானமோ பின்மூடியில். எதிரே வருபவனை மிரட்ட எழுதிய சித்திரம், கட்டியிருப்பவனின் மணிக்கட்டுத் தோலோடு ஒட்டிக்கிடக்கிறது. கழற்றினால்தான் அவனுக்கே தெரியும்.

2021-இல் மறுபடி ஒன்று. இம்முறை பச்சை முகத்தில் வெள்ளையும் சிவப்பும் தொட்டுக் காட்டப்பட்டிருக்கின்றன. பல்லுக்கு வெள்ளை, ஈறுக்கும் நாக்குக்கும் சிவப்பு என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். கலை என்று பார்த்தால் இது மேலானது, குறிப்பால் உணர்த்துகிறது. ஆனால் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தவனும் பயந்துதான் போயிருப்பான், அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் அவ்வளவு பெரிய பல் எழுதினான். படத்தில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபோது நான் முதலில் தேடியது கண்ணை. முள் இருந்தது, எண்கள் இருந்தன.