மஞ்சள் சட்டையின் கதை

கடந்த பொதுக்குழுவில் பராமரிப்புக் கட்டணத்தைவிட அதிக நேரம் எதைப் பற்றிப் பேசினோம் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு நடத்தும் கிரிக்கெட் போட்டிக்கு, கேம்ப் ரோட்டில் கட்டுமானப் பொருள் கடை வைத்திருப்பவர் டி-ஷர்ட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: நெஞ்சில் கடைப் பெயர் பெரிதாக இருக்க வேண்டும், குடியிருப்பின் பெயர் முதுகில் வந்தால் போதும். "பிள்ளைங்க என்ன விளம்பரப் பலகையா?" என்று ஒரு தரப்பு. "தோனி சட்டையிலேயே இருக்குதே சார்!" என்று மறு தரப்பு. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அந்தத் தோனி சட்டையின் கதையை எழுதித் தருகிறேன் என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன்.

சென்னையில் கிரிக்கெட் டிக்கெட் வசூலில் வளரவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிய புச்சி பாபு நாயுடு போன்ற வசதியுள்ளவர்கள் முதலில் கைக்காசைப் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்துக்குக் கம்பெனிகள் வந்தன. இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்பிக், ஸ்டேட் வங்கி, சன்மார் குழுமம் ஆதரித்த ஜாலி ரோவர்ஸ் என்று லீக் பட்டியலே தொழிற்பேட்டைப் பெயர்ப்பலகை போல இருக்கும். நன்றாக ஆடுபவருக்குக் கம்பெனி ஒரு வேலை கொடுக்கும். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு வலைப்பயிற்சி, மாதக் கடைசியில் சம்பளம், பி.எஃப். கர்நாடகக்காரரான ராகுல் திராவிட் கூட இந்தியா சிமெண்ட்ஸ் ஊழியராக இருந்தார்.

பதிலுக்குக் கம்பெனிக்குக் கிடைத்தது மறுநாள் பேப்பரில் ஸ்கோருக்கு மேலே அச்சாகும் இரண்டு சொல்தான். வேளச்சேரி குருநானக் கல்லூரி மைதானத்திலும் ஐஐடி வளாகத்து கெம்ப்ளாஸ்ட் மைதானத்திலும் லீக் ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மரத்தடிதான் கேலரி. யாரும் இதை வியாபாரம் என்று சொன்னதில்லை. ஆனாலும் பல குடும்பங்களுக்கு அதில்தான் அடுப்பு எரிந்தது.

எம்ஆர்எஃப் கொஞ்சம் முன்னோக்கி யோசித்தது. 1987-ல் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்து வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. வேகமாக வீச ஆசைப்பட்டு அங்கே வந்த சச்சின் என்ற சிறுவனை, போய் பேட்டிங்கைக் கவனி என்று லில்லி திருப்பி அனுப்பிய கதை பிரசித்தம். அந்தச் சச்சின் 1996 உலகக் கோப்பையில் எந்தக் கம்பெனி ஸ்டிக்கரும் இல்லாத மட்டையோடு 523 ரன் குவித்தார். அதன் பிறகு அந்த மட்டையில் எம்ஆர்எஃப் ஏறியது. டயருக்கும் மட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் ஆடிய பையன்கள் தங்கள் மட்டையிலும் அந்த மூன்று எழுத்தை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக்கொண்டார்கள்.

2008 ஜனவரி 24 அன்று ஐபிஎல் அணிகள் ஏலம் போயின. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 360 கோடி ரூபாய். அந்தக் கம்பெனியின் சிமெண்ட் வகைகளில் ஒன்றின் பெயர் கோரமண்டல் கிங். அணிப் பெயரில் உள்ள 'கிங்ஸ்' அங்கிருந்துதான் வந்தது என்று ஊரில் பேச்சு. அதுவரை கம்பெனி ஆட்டக்காரரை வைத்துப் பேர் வாங்கியது. இப்போது அணியே கடை. அதன் நெஞ்சு, முதுகு, கை எல்லாம் வெவ்வேறு விலையில் மற்றக் கம்பெனிகளுக்கு வாடகைக்குப் போயின.

இங்கே பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சேப்பாக்கம் டிக்கெட் வசூலும் சட்டை விளம்பரமும்தான் அணியின் வருமானம் என்று நினைக்கிறோம். பெரிய பணம் நம் வீட்டு டிவியிலிருந்தும் மொபைலிலிருந்தும் போகிறது. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. இதில் சுமார் பாதி 10 அணிகளுக்குப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஓர் அணிக்குத் தோராயமாக 480 கோடி. முதலில் அணியை வாங்கிய மொத்த விலையைவிட இது அதிகம்.

அப்படியானால் விசில் போடு பாட்டும், மஞ்சள் சட்டையும், 2022-ல் துரைப்பாக்கத்தில் தொடங்கிய பயிற்சி அகாடமியும் எதற்கு? ரசிகர் கூட்டம் இருந்தால்தான் நெஞ்சில் பெயர் போட அடுத்த கம்பெனி வரும். 2018-ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, அணி தனி ரயில் பிடித்து ரசிகர்களை அழைத்துப் போனது. சூதாட்ட விவகாரத்தில் இரண்டு ஆண்டு தடை அனுபவித்துத் திரும்பிய வருடம் அது. அந்த ரயில் செலவை நான் தர்மக் கணக்கில் எழுத மாட்டேன்.

சட்டையில் இருந்த பெயர்கள் என்ன ஆயின? ஆரம்ப வருடங்களில் ஏர்செல். 2018-ல் ஏர்செல் திவாலாகி, நம்மில் பலர் நம்பரை மாற்ற அலைந்தோம். அதே வருடம் மஞ்சள் சட்டையில் முத்தூட் வந்தது. பிறகு மிந்த்ரா, மதுரைக் கம்பெனியின் டிவிஎஸ் யூரோகிரிப், எதிஹாத். இந்திய அணியின் சட்டையோ இன்னும் சுவாரஸ்யம்: வில்ஸ் சிகரெட், சஹாரா, பைஜூஸ், ட்ரீம்11. பைஜூஸ் வைத்த 158 கோடி பாக்கிக்காகக் கிரிக்கெட் வாரியமே தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியது. 2025-ல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை வந்ததும் ட்ரீம்11 விலகி அப்போலோ டயர்ஸ் வந்தது. மறுபடியும் டயர்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி கடைசியில் இருக்கிறது. தடைக்குச் சற்று முன்பே அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். சிமெண்ட் பங்கு வைத்திருந்த சாதாரண முதலீட்டாளர்களுக்கும் கிரிக்கெட் பங்கு கிடைத்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் கைக்குப் போனது. திருநெல்வேலித் தாழையூத்து ஆலை உட்படச் சிமெண்ட் போயிற்று. சிமெண்டுக்குப் பேர் வாங்கித் தர வந்த அணி சீனிவாசன் குடும்பத்திடமே இருக்கிறது.

கடைக்காரருக்கு என் யோசனை: நெஞ்சில் நம் குடியிருப்பின் பெயர், கடைப் பெயர் கையில், ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மட்டும். ஒத்துக்கொள்வாரா என்று பொருளாளர் பேசிப் பார்க்கிறார். பிள்ளைகளின் சட்டை அளவை இன்னும் தராதவர்கள் செக்யூரிட்டி மேஜையில் உள்ள நோட்டில், பிளாக் எண்ணோடு எழுதிவிடுங்கள்.